வாய்ப்பாடு

யாரும் எழுதி வைக்கவில்லை.
ஆனாலும் எங்கள் ஆறு பேருக்கும் மனப்பாடம்:
சொந்த அரங்கில் இரண்டு.
வெளியூரில் மூன்று.
பத்துப் புள்ளி பின்தங்கி
சனங்கள் கோட்டைத் தேடி எடுக்கத் தொடங்கினால்
நான்கு.
ஐந்தாம் வரி அந்த வாய்ப்பாட்டில் இல்லை.

ஒஹாயோ ஆற்றங்கரை. ஹாலோவே கல்லூரி.
அறுபத்திரண்டு, பிப்ரவரி.
கூரை ஒழுகும் அரங்கு,
வடக்குக் கூடைக்குப் பின்னால் எப்போதும் ஒரு வாளி.
மூன்றாம் வரிசையில் பழைய மாணவர் சங்கம்:
ஸ்கோர் பலகை வாங்கித் தந்தவர்கள்.
நாங்கள் போட்ட புள்ளிகள் அதில் எரியும்போது கைதட்டுவார்கள்,
பலகையைப் பார்த்து.

கோச் ஸ்ட்ரவுட் கெட்டவர் இல்லை.
எனக்குக் காய்ச்சல் கண்டபோது
ஒரு பை ஆரஞ்சோடு விடுதிக்கு வந்தார்.
ஆனால் ஒஸெல் வெளியே வந்தால்தான் நான் உள்ளே.
ரேஃபோர்ட் வந்தால்தான் வெர்டெல்.
ஒரே சட்டையை
இரண்டு பேர் மாற்றி மாற்றி உடுத்துவதுபோல.

ஒஸெலின் கணுக்கால் பிசகிய நாட்களில்
என் மனம் துள்ளியிருக்கிறது.
அவன் என் அறைத்தோழன்.
அவனிடம் வாங்கிய நாலு டாலர் இன்னும் பாக்கி.

அன்று ஒஸெல் பத்தொன்பது புள்ளி போட்டிருந்தான்,
களைப்பே இல்லை.
டேல் கோஸ்டர் மூன்று முறை பந்தைத் தவறவிட்டிருந்தான்.
கோச் என் முழங்காலைத் தட்டினார்:
"டுப்ரீ, போ. ஒஸெலுக்குப் பதில்."

மாற்று ஆள் மேசையில் போய்ச் சொல்ல வேண்டும்,
உள்ளே போகும் எண், வெளியே வரும் எண்.
மேசையில் ஹெக்கர்ட், கணிதத் துறை.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுபவர்.
"நாற்பத்திரண்டு உள்ளே," என்றேன்.
"வெளியே?"
நாக்கில் பன்னிரண்டு வைத்திருந்தேன்.
வந்தது முப்பத்தொன்று.

ஹெக்கர்ட் நிமிர்ந்து பார்த்தார்.
பென்சில் ஒரு கணம் காற்றில் நின்றது.
எழுதினார்.

ஹாரன் அடித்தது.
டேல் குனிந்து தன் மார்பிலிருந்த எண்ணைப் பார்த்தான்,
வேறு யாரோ தைத்துவிட்டுப் போனதுபோல.
பிறகு நடந்து வெளியேறினான்.
நான் உள்ளே போய்
ஒஸெல் பக்கத்தில் நின்றேன்.
இதுவரை அவனை நான் ஆடுகளத்தில்
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

கோச் எழுந்தார். உட்கார்ந்தார்.
மேசைவரை போய் அழிக்கச் சொல்லலாம்தான்.
அழிக்க வேண்டுமென்றால்
காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டு புள்ளியில் தோற்றோம்.
குளிக்கும்போது ஒஸெல் கேட்டான்:
"யார் எண்ணைச் சொன்னாய்?"
சொன்னேன்.
சோப்பு கண்ணில் பட்டதுபோல் வெகுநேரம்
முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.
டேல் மட்டும், யாரையும் பார்க்காமல்,
"எனக்கும் மூச்சு வாங்கியது," என்றான்.
உண்மைதானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் வெர்டெல் இருபது என்றான்.
அதற்கடுத்ததில் ரேஃபோர்ட்.
மூன்றாம் வரிசை காலியானது.
கூரைக்கு வருவதாயிருந்த பணம் வரவில்லை;
வாளி இரண்டானது.
கோச்சின் பெயருக்குக் கடிதங்கள் வந்தன,
சில கையெழுத்தோடு, பல இல்லாமல்.
ஒரு நாள் பயிற்சியில் விசிலை வாயிலிருந்து எடுத்தார்,
ஏதோ சொல்லப் போனார்,
மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.
அதன் பிறகு யாருக்குப் பதில் யார் என்று
அவர் சொல்வதே இல்லை.
போ என்பார். அவ்வளவுதான்.

டிசம்பர், சொந்த அரங்கு, முதல் ஆட்டம்.
மையவட்டத்தைச் சுற்றி எங்கள் ஐந்து பேர்.
மூன்றாம் வரிசையில் முதலாண்டுப் பிள்ளைகள்
வேர்க்கடலை உரித்துக்கொண்டு.
பழக்கதோஷம், எண்ணினேன்:
ஒஸெல், ரேஃபோர்ட், வெர்டெல், க்ளியோதா, ஹோரஸ்.

ஆறாவதாக நான் பெஞ்சில்.
என் இடக்கை மோசம். பந்து அதில் நிற்காது.
அது ஒன்றுதான் காரணம்.
வேறு காரணமே இல்லாமல்
இப்படி உட்கார்ந்திருப்பது எனக்கு அதுவே முதல் தடவை.
காலை நன்றாக நீட்டிக்கொண்டேன்.